ஆயிரங்கால் மண்டபமும் கல்லின் இயல்பும்



மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 985 என்பர். திருவரங்கத்து ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ளவை 953. ஆயிரம் என்பது இங்கே கணக்கன்று. மிகுதியைக் குறிக்கும் வழக்கு. இவ்வாறு தூண்கள் செறிந்து நின்று கூரையைத் தாங்கும் மண்டபத்தை மேலைநாட்டுக் கட்டடக் கலைஞர் 'ஹைப்போஸ்டைல்' என்னும் கிரேக்கச் சொல்லால் சுட்டுவர். எகிப்து நாட்டுக் கர்ணக் கோயிலில் 134 தூண்கள் கொண்ட மண்டபம் இவ்வகையில் பெரும்புகழ் வாய்ந்தது.

இத்தனை தூண்கள் எதற்கு? அரசரின் செல்வச் செருக்கு என்று கூறி அமைந்துவிடுவது எளிது. உண்மையோ கல்லின் இயல்பில் இருக்கின்றது. கல் தன்மேல் அழுத்தும் பெருஞ்சுமையைத் தாங்கும். ஆனால் இழுப்பைத் தாங்காது. இரு தூண்கள்மேல் நீண்டதோர் உத்தரக்கல்லைக் கிடத்தினால், பாரத்தால் அதன் நடுப்பகுதியின் அடிப்புறம் இழுபட்டு வெடித்துவிடும். ஆகவே உத்தரம் குறுகியதாதல் வேண்டும். உத்தரம் குறுகினால் தூண்கள் நெருங்கும். மண்டபம் விரிந்தால் தூண்கள் பெருகும். கல்லின் வலிமையோடு அதன் குறையையும் அறிந்தவனே சிற்பி.

எமது மாத்தளை மாவட்டத்திலேயே இதற்குச் சான்றுகள் உள. தம்புள்ளைக் குகைகளுள் பெரியது ஏறத்தாழ 52 மீற்றர் நீளமும் 23 மீற்றர் ஆழமும் உடையது. அதன் முகடு ஒரே மலைப்பாறை. ஆதலின் தூண் வரிசைகளுக்கு அங்கே தேவை எழவில்லை. மனிதன் கல்லை வெட்டியெடுத்து அடுக்க முற்பட்டபோதே தூணின் துணை வேண்டியதாயிற்று. நாலந்தையிலுள்ள கெடிகேயைப் பாருங்கள். முற்றிலும் கல்லாலான அப்பௌத்த ஆலயம் திராவிடச் சிற்ப முறையில் அமைந்தது. கருவறைக்கு முன்னே தூண் மண்டபம் ஒன்றும் உண்டு. முன்னாளில் கூரையிட்டிருந்த அம்மண்டபம் இன்று வானம் பார்த்து நிற்கின்றது.

இனி, அநுராதபுரத்து லோவமகாபாயவை நோக்குவோம். துட்டகைமுனு மன்னன் ஒன்பது மாடங்களுடன் அதனை எழுப்பினான் என்று மகாவம்சம் கூறும். இன்று எஞ்சி நிற்பவை வரிசைக்கு நாற்பதாக நாற்பது வரிசைகளில் நாட்டப்பெற்ற 1600 கற்றூண்கள். மேலே இருந்த மரமாடங்கள் அழிந்தன. தாங்கியவை நிற்க, தாங்கப்பட்டவை மறைந்தன.

மாணாக்கரை நாலந்தைக்கு அழைத்துச் சென்ற ஒரு நாள், "ஐயா, இது யாருடைய கோயில்? எங்களுடையதா, அவர்களுடையதா?" என்று ஒரு சிறுவன் வினவினான். "கல்லைக் கேள்" என்றேன். தமிழ்நாட்டுச் சிற்பியின் முறையும் ஈழத்துப் பௌத்தரின் வழிபாடும் அங்கே ஒரே சுவரில் கூடியுள்ளன. உத்தரக்கல் சிற்பியின் குலத்தையும் சமயத்தையும் வினவுவதில்லை. மதுரையிலும் நாலந்தையிலும் ஒரே விதியைத்தான் கற்பித்தது.

போவத்தன்னை நீர்த்தேக்கம் அமைந்தபோது, அவ்வாலயம் நீரில் மூழ்காதவாறு கல் கல்லாகக் கழற்றப்பட்டு, 1980களில் மேட்டுநிலத்தில் மீள நிறுவப்பட்டது. நம் காலத்தவர் அதனைப் பொதுச்செல்வமாக மதித்துக் காத்தமைக்கு அதுவே சான்று. அடுத்தமுறை தூண் மண்டபம் ஒன்றினுள் நுழையும்போது தூண்களை எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். ஒரு தூணுக்கும் மறு தூணுக்கும் இடையிலுள்ள தூரத்தையும் அளந்து பாருங்கள். அக்கட்டடத்தின் வரலாறு அங்கேதான் தொடங்குகின்றது.