தமிழ்நாட்டில் செடி அறியும் நூல்கள்

கையில் உள்ள செடி இன்னது என்று கண்டறிய உதவும் நூல்கள் செடி அறியும் நூல்கள். ஒரு நிலப்பகுதியில் வளரும் தாவரங்களை எல்லாம் வரிசைப்படுத்தி, அடையாளம் சொல்லும் பெருநூலைத் தாவரவியலார் ‘ஃபுளோரா’ என்பர். தென்னிந்தியாவில் இவ்வகை நூல்களின் வரலாறு 17ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. வரப்பிலும் தரிசிலும் கீரை பறித்து உலை வைத்தவர்களின் அறிவு அதனினும் மிகப் பழையது. இந்த இரண்டு அறிவும் அருகருகே வளர்ந்தும் ஒன்றோடொன்று அதிகம் பேசிக்கொள்ளாமல் போனதுதான் இந்த வரலாற்றின் பெருங்குறை.

தமிழில் செடிப்பெயர்களுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்குகிறது; அந்தப் பட்டியல் செங்காந்தளில் தொடங்குகிறது. திவாகர நிகண்டில் மரப்பெயர்த் தொகுதி என்று ஒரு பகுதியே உண்டு. பதார்த்த குண சிந்தாமணி கீரை, காய், கிழங்குகளின் குணத்தைச் சொல்கிறது. ஆனால் இவை செடியை ஏற்கெனவே அறிந்தவருக்காக எழுதப்பட்டவை. நிகண்டு ஒரு பெயருக்கு மறுபெயர் தரும்; இலை எப்படி இருக்கும் என்று சொல்லாது. அடையாளத்தைச் சுமக்கும் வேலையை ஊர்வழக்கில் பெயரே செய்தது. இலையின் கீழே காய்கள் வரிசையாகத் தொங்கினால் கீழாநெல்லி. இலை எலியின் காதுபோல் இருந்தால் எலிச்செவி. கிழங்கு ஏர்க்கலப்பைபோல் வளைந்திருந்தால் கலப்பைக்கிழங்கு. இது செங்காந்தளின் இன்னொரு பெயர்.

தென்னிந்தியச் செடிகளைப் படத்தோடும் விவரத்தோடும் அச்சில் கொண்டுவந்த முதல் பெருநூல் ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் ஆளுநராக இருந்த ஹெண்ட்ரிக் வான் ரீட் தொகுத்த இந்த நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் உயிர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரின் அறிவில் இருந்தது. அவர் தந்த உறுதிமொழி அவருடைய எழுத்திலேயே முதல் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. தகவல் சொன்ன உள்ளூர்க்காரரைப் பெயர் சொல்லிப் போற்றிய நூல் என்ற அளவில், பின்னால் வந்த பல நூல்களைவிட இது நேர்மையானது.

சோழமண்டலக் கரையில் இந்த வேலை தரங்கம்பாடியில் வேர்விட்டது. லின்னேயஸின் மாணவரான யோஹான் கோனிக் 1768இல் அங்கே மருத்துவராக வந்து, செடிகளைச் சேகரித்து இருசொற்பெயர் முறையில் வகைப்படுத்தினார். அடுத்து வில்லியம் ராக்ஸ்பர்க், இந்திய ஓவியர்களைக் கொண்டு வரைவித்த 300 வண்ணப் படங்களைச் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தம் நூலில் 1795 முதல் வெளியிட்டார்.

இவர்களுக்குப் பின் வந்த ராபர்ட் வைட்டிடம் சற்று நிற்க வேண்டும். ஸ்காட்லாந்து மருத்துவரான இவர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையாகக் கோயம்புத்தூரில் பருத்தி ஆய்வும் பார்த்தவர். 1838 முதல் 1853 வரை இவர் வெளியிட்ட ‘இக்கோனிஸ்’ நூலில் 2101 படங்கள் உள்ளன. கல்லச்சுத் தொழிலைத் தாமே கற்று அச்சிட்டார். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இருவர். முழுச் செடியோடு, பூவைப் பிளந்து அதன் உள்ளுறுப்புகளையும் தனித்தனியே வரைந்து காட்டியவர்கள் இவர்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். இன்று அந்தப் பெயர் வழக்கில் இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவரநூல் (1872–1897) நாடு முழுவதற்குமானது. தமிழ்நாட்டு மாணவர்கள் இன்றும் புரட்டும் நூல், வன அதிகாரியாக இருந்த ஜே. எஸ். கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரநூல். 1915இல் முதல் பகுதி வந்தது. 1925இல் கேம்பிள் இறந்துவிட, சி. இ. சி. ஃபிஷர் 1936இல் முடித்தார். இந்த நூலில் படமே கிடையாது. அதற்குப் பதில் ‘திறவுகோல்’ உண்டு. இதுவா, அதுவா என்று இரண்டிரண்டாகக் கேட்டு, ஒவ்வொரு கேள்வியிலும் பாதியைக் கழித்துக்கொண்டே போகும் முறை இது.

அந்த முறையின் பலனை மூக்கிரட்டையிலும் சாரணையிலும் பார்க்கலாம். இரண்டும் மழைக்குப் பின் தரையோடு படர்பவை. இரண்டிலும் எதிரெதிர் இலைகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. மருந்துக்கடைச் சரக்கில்கூட ஒன்றுக்கு மற்றொன்று வந்துவிடுவதுண்டு. மூக்கிரட்டையின் சிறு பூக்கள் மெல்லிய காம்புகளில் இலையைவிட்டு வெளியே நீண்டு நிற்கும். அதன் காய் பிசுபிசுத்து வேட்டியில் ஒட்டும். சாரணையில் பூ தனியாக, இலைக்காம்பின் அடியில் உள்ள பை போன்ற உறைக்குள் பாதி புதைந்திருக்கும். இந்த ஒரு கேள்வி போதும், இரண்டும் பிரிந்துவிடும்.

விடுதலைக்குப் பின் இப்பணி கல்லூரிகளுக்கும் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் கோயம்புத்தூர்க் கிளைக்கும் வந்தது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் ராப்பினாட் உலர்தாவரகத்தை நிறுவிய இயேசு சபைத் துறவி கே. எம். மேத்யூ, தமிழகக் கர்நாடகச் சமவெளியின் தாவரநூலை 1981 முதல் 1988 வரை வெளியிட்டார். விளக்கத்தையும் கோட்டோவியத்தையும் தனித்தனித் தொகுதிகளாகத் தந்து, கேம்பிள் விட்ட குறையை அது நிரப்பியது. மலைவாசஸ்தலங்களுக்கு அதற்கு முன்பே ஃபைசனின் நூல்கள் இருந்தன. இலங்கைக்கு டிரைமன் தொடங்கி ஹூக்கர் 1900இல் முடித்த கைந்நூல் உண்டு.

இத்தனை நூல்கள் இருந்தும் கீரை பறிப்பவருக்கு அவை கைகொடுப்பது அரிது. காரணம் ஆங்கில மொழி மட்டுமல்ல. இந்தத் திறவுகோல்கள் பூவையும் காயையும் கேட்கின்றன. கீரையையோ பூப்பதற்கு முன் தளிராகத்தான் பறிப்பார்கள். பூத்துவிட்டால் தண்டு முற்றி நாராகிவிடும். இலை, பட்டை, பால் போன்றவற்றைக் கொண்டே அடையாளம் காட்ட முடியும் என்பதைப் பாஸ்கலும் ரமேஷும் எழுதி, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1987இல் வெளியிட்ட நூல் காட்டியது. ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டு மரங்களுக்கும் பெருங்கொடிகளுக்கும் உரியது. வரப்புக் கீரைக்கும் அப்படியொரு நூல் வேண்டும்.

உணவுப் பக்கத்திலிருந்து வந்த நூல்களில் முதன்மையானது, குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்திலிருந்து ஏக்ராய்ட் 1937இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து மதிப்பு பற்றிய நூல். பிற்காலப் பதிப்புகளைச் சி. கோபாலன் முதலியோர் விரிவாக்கினர். கீரையில் என்ன சத்து என்று அது சொல்லும். கீரை எது என்று சொல்லாது.

அடையாளம் தவறினால் உயிருக்கே கேடு. செங்காந்தள் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று தின்று இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு; அதில் உள்ள கோல்சிசின் கொடிய நஞ்சு. தோண்டிய கிழங்கைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. கொடியைப் பார்க்க வேண்டும். செங்காந்தள் இலையின் நுனி நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடும். வள்ளிக் கொடியில் இலைநுனி பற்றாது, தண்டே சுற்றி ஏறும்.

நூலை வைத்துக் கீரை கற்பவர்கள் கைக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. தொய்யக்கீரை என்று யாரோ காட்டிய செடிகளில் ஒன்றை மட்டும் பறிக்காமல் விட்டு, அது பூத்துக் காய்த்ததும் மேத்யூவின் படத்தோடு ஒப்பிடுவார்கள். பெயர் உறுதியான பின், அதன் விதை உதிர்ந்த இடத்தில் அடுத்த மழைக்கு முளைக்கும் தளிரைப் பார்த்துப் பழகுவார்கள்.