ஆரியசாலைக் காற்று

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை ஏற்படுத்திய காலத்தில் சரக்கு மாட்டுவண்டியில் வந்தது. அன்று பறந்தது பெரும்பாலும் மண்தூசி. மூக்கும் தொண்டையும் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். டீசல் லாரி கொண்டுவந்த புகையோ 2.5 மைக்ரானுக்கும் சிறிய கரி. நுரையீரலின் அடிவரை இறங்கும்.

அந்தக் கடைத்தெருவின் ஆரியசாலைப் பகுதியில் வற்றல் மிளகாய் வியாபாரம் பார்க்கும் எனக்கு மார்கழி, தை விடிகாலைகள்தான் கவலை. கல்லாப்பெட்டியைத் துடைத்தால் துணியில் மிளகாய்ச் சிவப்போடு கறுப்பும் ஒட்டுகிறது. எல்லாம் காற்றின் போக்கு. இரவில் அது நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல நகரும். குளிர்ந்த காற்று தரையோடு படிந்துகிடப்பதால் புகை மேலே எழாது. வெயில் ஏறி, சங்குமுகம் பக்கமிருந்து கடற்காற்று வீசினால்தான் தெரு தெளியும். தும்பாவில் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தார் 2000 முதல் கரித்துகளை அளந்து கண்டதும் இதுவே: இரவில் கூடுதல், பகலில் குறைவு, பனிக்காலத்தில் உச்சம், தென்மேற்குப் பருவமழையில் மிகக் குறைவு.

சுமைதூக்கும் தொழிலாளிகள் மூட்டை இறக்குவது அந்த விடியற்காலையில்தான். பனி மாதங்களிலாவது லாரிகள் என்ஜினை அணைத்துவிட்டு நிற்கட்டும். முடிந்தால் மதியத்துக்குமேல் வரட்டும்.