தகரப் பெட்டியும் இருபதடிப் பெட்டியும்

வீட்டுச் சாமான்களோடு கடல் கடந்து வந்த இரண்டு பெட்டிகளைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குச் சில ஆண்டு இடைவெளியில் கிடைத்தது. ஒன்று, நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கம், தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் குடியிருப்பு ஒன்றில் ஒரு பாட்டியின் கட்டிலுக்கு அடியில் கிடந்த தகரப் பெட்டி. 1970களில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியது. மற்றொன்று, 2019இல் என் தம்பி, சித்தப்பா மகன், குடும்பத்தோடு அமெரிக்காவை விட்டுத் திரும்பியபோது ஹூஸ்டனில் ஏற்றி, சென்னைத் துறைமுகத்தில் இறக்கிய இருபதடிக் கன்டெய்னர்.

இரண்டையும் அருகருகே வைக்க முதலில் மனம் கூசியது. தம்பி தானே முடிவெடுத்து, பிள்ளையின் பள்ளி ஆண்டு முடியும்வரை காத்திருந்து, நாள் குறித்துத் திரும்பியவன். அந்தப் பாட்டியோ இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964இல் இரு நாடுகளும் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இங்கே அனுப்பிவைக்கப்பட்டவர். இந்த வேறுபாட்டை மழுப்பும் ஒப்பாய்வு நேர்மையானதாக இராது. ஆனாலும் இரண்டு வீடுகளிலும் உட்கார்ந்து சாமான்களைப் பார்த்தபிறகு, இவை ஒன்றுக்கொன்று உறவு என்ற எண்ணம் என்னை விடவில்லை.

அளவிலிருந்து தொடங்கலாம். தகரப் பெட்டி மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம். இருபதடிக் கன்டெய்னரின் உட்புறக் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். அந்தப் பெட்டியைப் போல் ஏறத்தாழ 130 பெட்டிகளை அதற்குள் அடுக்கலாம். இதில் வியப்பு ஒன்றுமில்லை. வியப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. கன்டெய்னரின் உட்தரை கிட்டத்தட்ட 150 சதுர அடி. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்ட லயக் காம்பரா என்னும் வரிசைவீட்டு அறை பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு, அதாவது 120 சதுர அடி. ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சமைத்து, உறங்கி, பிள்ளை பெற்ற அறையைவிட, இன்னொரு குடும்பத்தின் சாமான் பயணம் செய்த பெட்டி பெரியது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று வெகுநேரம் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

எவ்வளவு கொண்டுபோகலாம் என்பதை இரண்டு பயணங்களிலும் அரசுதான் எண்ணில் சொன்னது. 1964 ஒப்பந்தத்தில் அந்த எண் 4,000: ஒரு குடும்பம் எடுத்துச் செல்லக்கூடிய சொத்தின் உச்சவரம்பை இலங்கை அரசு 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்காது என்பது உறுதிமொழி. சேமநல நிதியும் பணிக்கொடையும் அதற்குள் அடக்கம். தம்பியின் பயணத்தில் அந்த எண் 5,00,000: இரண்டாண்டுக்குக் குறையாமல் வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குடியிருக்கத் திரும்புபவர், பயன்படுத்திய வீட்டுப் பொருட்களை ஐந்து லட்சம் ரூபாய் மதிப்புவரை தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்றன 2016ஆம் ஆண்டின் பயண உடைமை விதிகள். டிவி, பெரிய ஃபிரிட்ஜ் போன்றவற்றுக்குத் தனிக் கணக்கு.

இரண்டும் உச்சவரம்பு பற்றிய எண்கள்தான். ஆனால் எந்தக் கதவில் நிற்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். 4,000 நின்றது புறப்படும் நாட்டின் வாசலில்; உழைத்துச் சேர்த்ததில் எவ்வளவு வெளியே போகலாம் என்று அது பேசியது. 5,00,000 நின்றது வந்து சேரும் நாட்டின் வாசலில். எவ்வளவு உள்ளே வரலாம் என்று பேசியது. போகும்போது தடுக்கப்படுவதும் வரும்போது கணக்கு கேட்கப்படுவதும் ஒரே அனுபவமல்ல. முன்னதில் வியர்வை பின்தங்கிவிடுகிறது. பின்னதில் வரி கூடுகிறது, அவ்வளவே.

எண்ணைத் தாண்டினால் பட்டியல். தம்பியின் சாமான் பட்டியல் பதினொரு பக்கம், 143 உருப்படிகள். ஒவ்வொன்றிலும் வண்ணச் சீட்டு, அதில் ஓர் எண். அமெரிக்காவில் கட்டித்தரும் ஆட்கள் பொருளின் பெயரோடு அதன் நிலையையும் சுருக்கெழுத்தில் குறிக்கிறார்கள். எஸ்.சி. என்றால் கீறல், சி.எச். என்றால் சில்லுப் பெயர்ந்தது, டி என்றால் நசுங்கல். வழியில் புதிதாக ஏற்பட்ட சேதம் எது, பழையது எது என்று பின்னால் வழக்கு வரக்கூடாதல்லவா? சாப்பாட்டு மேசைக்கு எதிரே கீறல், மேற்பரப்பு, முன் விளிம்பு என்று இருந்தது. அந்தக் கீறல் மகன் நான்கு வயதில் முள்கரண்டியால் போட்டது. தீர்வைச் சலுகைக்கும் அதே கீறல் உதவியது. பயன்படுத்திய பொருள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பாட்டியின் பட்டியல் காகிதத்தில் இல்லை. மூடியின் மேல் வெள்ளைப் பெயின்டில் கணவர் பெயரும், இந்தியத் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டையின் எண்ணும் மட்டும் இருந்தன. உள்ளிருந்ததை அவர் பெட்டியைத் திறக்காமலே ஒப்பித்தார்: கம்பளி இரண்டு, பித்தளைச் செம்பு ஒன்று, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி ஒன்று, கல்யாணச் சேலை, இடுப்பில் கட்டும் படங்கு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று என்று இருபத்தேழு வரை வந்து நிறுத்தினார். "எண்ணி வச்ச சாமான் தம்பி. வழியில மூணு எடத்துல எறக்கி ஏத்துனாங்க. மூணு தரமும் எண்ணினேன்" என்றார். இவர்களை ஏற்றிக்கொண்டு மலைநாட்டிலிருந்து கிளம்பிய ரயிலை, வழியனுப்ப வந்தவர்களும் போகிறவர்களும் அழுத அழுகையால், ஒப்பாரிக் கோச்சி என்றே சொல்வார்கள். அந்த அழுகைக்கு நடுவிலும் இருபத்தேழை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

பட்டியல் என்று பேச வந்துவிட்டதால், மூன்றாவதாக ஒரு பட்டியலையும் சொல்லாமல் போக முடியாது. 1964 ஒப்பந்தம் ஏறத்தாழ 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பத்தாண்டு கழித்து, 1974இல், அந்த மீதியும் பாதிக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டது. எண்ணிக்கையோடு 'இயற்கைப் பெருக்கமும்' சேரும் என்றது ஒப்பந்தம், அதாவது இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளும். தம்பி எழுதிய பட்டியலில் மேசையும் நாற்காலியும் இருந்தன. அரசுகள் எழுதிய பட்டியலில் பாட்டியும், அப்போது அவர் வயிற்றில் உருவாகாத பிள்ளையும் இருந்தார்கள். இரு பயணங்களையும் பிரிக்கும் கோடு பணத்தில் இருப்பதாகத்தான் முதலில் நினைத்தேன். இப்போது அது பட்டியலை எழுதிய கையில் இருப்பதாக நினைக்கிறேன்.

சாமான்கள் வந்து சேர்ந்தபின் எது பயன்பட்டது? இங்கேதான் நான் எதிர்பாராத ஒற்றுமை முதலில் தலைகாட்டியது.

கன்டெய்னரில் ஒரு கிரைண்டர் வந்தது. கோயம்புத்தூரில் செய்தது. அமெரிக்காவின் 120 வோல்ட் மின்சாரத்துக்கென்றே தயாரித்து ஏற்றுமதியானது. பத்தாண்டு அங்கே மாவாட்டிவிட்டு, பிறந்த மாநிலத்துக்கே திரும்பியது. இங்கே 230 வோல்ட். பக்கத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அது சொந்த ஊரில் ஓடாது. அந்தக் கல்லையும் டிரம்மையும் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கூடலூர் நினைவு வந்தது. அங்கே பாட்டி சொன்னது இது: "அங்க இருந்த வரைக்கும் எங்கள இந்தியாக்காரங்கன்னாங்க. இங்க வந்த நாள்லேருந்து சிலோன்காரங்க." இலங்கை மக்கள்தொகைக் கணக்கில் இந்தியத் தமிழர், நீலகிரியின் கடைத்தெருவில் சிலோன்காரர். அரசு ஆவணங்கள் இவர்களைத் தாயகம் திரும்பியோர் என்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணை முதன்முதலாகப் பார்த்ததே ராமேசுவரத்தில் இறங்கியபோதுதான். தம்பியின் மகனும் டெக்சாஸில் பிறந்தவன். அவனுக்கும் இது திரும்புதல் அல்ல, வருகை. ஆனால் அவனை யாரும் அமெரிக்காக்காரன் என்று முகத்துக்கு நேரே இளக்காரமாகச் சொல்லப்போவதில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

தகரப் பெட்டியோடு தனியாக, துணியில் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவரப்பட்டது ஒரு பேட்டரி ரேடியோ. அதற்கு இங்கே எந்தச் சிக்கலும் இல்லை. சொல்லப்போனால் அது இங்கேதான் தன் வேலையைச் சரியாகச் செய்தது: இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு கடலைத் தாண்டித் தெளிவாக வந்தது. விட்டுவந்த நாட்டின் குரல் தினமும் லயத்துக்குள் கேட்டது. பெரிய பயணம் செய்த விலையுயர்ந்த பொருள் ஊமையாகிவிட, சின்னப் பொருள் பேசிக்கொண்டே இருந்தது. கவ்வாத்துக் கத்தியும் அப்படித்தான். அந்தக் குடும்பம் அனுப்பப்பட்டதும் தேயிலைக்கே. அந்தக் கத்தி அதே செடியை வேறொரு மலையில் வெட்டியது. எல்லாருக்கும் இப்படி வாய்க்கவில்லை. நூற்பாலைக்கும், வியாபாரக் கடனுக்கும், காணிக் குடியேற்றத்துக்கும் ஒதுக்கப்பட்ட குடும்பங்கள் பல. இன்று நகரங்களில் பெயர்ப்பலகையாய்த் தெரியும் ரெப்கோ வங்கி 1969இல் இவர்களைப் போன்ற தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கப்பட்டது என்பதை அதன் வாசலில் நிற்கும் எத்தனை பேர் அறிவார்கள்?

கடலைக் கடப்பதற்கு முன் சுத்தம் பார்க்கும் வழக்கத்தையும் ஒருமுறை எட்டிப் பார்ப்போம். கன்டெய்னரில் மரப் பெட்டியோ பலகையோ இருந்தால், அதன் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடுபடுத்தப்பட்டதற்கான, அல்லது அதற்கு ஈடான முறையில் பூச்சி நீக்கப்பட்டதற்கான முத்திரை வேண்டும். பூச்சி நாடு தாண்டக்கூடாது. ராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் முகாமின் வரலாறும் இதே அச்சத்தில் தொடங்கியது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை நோய்த்தடுப்புக்காகச் சில நாள் அடைத்துவைக்க இலங்கை அரசு நடத்திய இடம் அது. தாத்தாக்கள் போகும்போது நிறுத்திவைக்கப்பட்ட அதே மண்டபத்தில்தான் பேரர்கள் திரும்பி வந்து தங்கவைக்கப்பட்டார்கள். இன்று மரத்துக்குக் காட்டும் எச்சரிக்கை அன்று மனிதருக்குக் காட்டப்பட்டது.

இனி, இரண்டு பட்டியல்களிலும் இல்லாத பொருட்களுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதவைத்தவை அவைதான்.

சென்னை வீட்டில் பெட்டிகளைப் பிரித்த இரண்டாம் நாள், தடித்த காகிதத்தில் அழகாகச் சுற்றி நாடா ஒட்டிய ஓர் உருண்டை வெளியே வந்தது. பிரித்தால், படுக்கையறைக் குப்பைக்கூடை. குப்பையோடு. கட்டும் ஆட்கள் அவசரத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் சுற்றுவார்கள். இப்படிக் குப்பைக்கூடை கடல் தாண்டுவது பல குடும்பங்களில் நடந்திருக்கிறது. உள்ளே பென்சில் சீவல், பள்ளியிலிருந்து வந்த ஒரு துண்டுத்தாள், தம்பி மனைவி கையெழுத்தில் ஒரு கடைச் சீட்டு: பால், வாழைப்பழம், மின்விளக்கு. அந்த ஊரில் கடைசி வாரத்தில் வாங்க நினைத்தவை. அவள் அதைப் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி கூடையிலேயே போட்டாள். கூடையை அன்று யாரும் காலி செய்யவில்லை.

கூடலூரில், இருபத்தேழையும் வெளியே எடுத்து வைத்தபின், பெட்டியின் அடியில் விரித்திருந்த, இலங்கையின் வீரகேசரி நாளிதழ்த் தாள் தெரிந்தது. துரு துணியில் ஏறாமலிருக்கப் போட்டது. தேதி இருந்த மூலையைத் துரு தின்றுவிட்டது; ஒரு சினிமா விளம்பரத்தின் பாதி மிஞ்சியிருந்தது. "மாத்தலையா பாட்டி?" என்று கேட்டேன். "மாத்துனா கிழிஞ்சிரும்" என்றார். கிழிந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை. அதை அவர் ஒருநாளும் எண்ணிக்கையில் சேர்த்ததில்லை. எண்ணியவை ஒவ்வொன்றாகப் பயன்பட்டுத் தேய்ந்தன. எண்ணாமல் விட்ட தாள் அப்படியே கிடக்கிறது.

தம்பி வீட்டில் இன்னும் மூன்று பெட்டிகள் பிரிக்கப்படவில்லை. மூன்றிலும் பி.பி.ஓ. என்ற குறி: உரிமையாளரே கட்டியது, உள்ளே இருப்பதற்குக் கட்டிய கம்பெனி பொறுப்பல்ல. என்ன இருக்கிறது என்று கணவனுக்கும் நினைவில்லை, மனைவிக்கும் நினைவில்லை. 143 உருப்படிகளை எழுத்தில் வைத்திருப்பவர்கள் மூன்றை மறந்துவிட்டார்கள். ஒரு வரியும் எழுதாதவர் இருபத்தேழையும் ஒப்பிக்கிறார்.

காலிக் கன்டெய்னர் சில நாளில் யார்டுக்குப் போய்விட்டது. அது ஓரிடத்தில் தங்கும் பொருள் அல்ல. ஒரு வீட்டை இறக்கிவிட்டு அடுத்த சரக்கை ஏற்றிக்கொள்ளும். 1956இல் ஐடியல் எக்ஸ் கப்பல் முதன்முதலாக 58 பெட்டிகளைச் சுமந்துபோய் இறக்கிய துறைமுகமும் அதே ஹூஸ்டன்தான். தகரப் பெட்டி அப்படியல்ல. பாட்டியின் பேத்தி திருப்பூருக்கு வேலைக்குக் கிளம்பியபோது அதைக் கேட்டாளாம். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள் பலரும் இப்போது அங்கேதான் போகிறார்கள். பாட்டி கொடுக்கவில்லை. சீட்டுப் பணத்தில் சக்கரம் வைத்த பை ஒன்று வாங்கிக் கொடுத்தார். பேத்தி தைக்கும் பனியன்கள் அட்டைப்பெட்டியில் அடுக்கப்பட்டு, எண் ஒட்டப்பட்டு, பட்டியல் எழுதப்பட்டு, அமெரிக்காவுக்கு இருபதடி, நாற்பதடிப் பெட்டிகளில் ஏறுகின்றன. தகரப் பெட்டியைப் பாட்டி மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினார். தள்ளுவதற்கு முன் ஒருமுறை எண்ணினார்.