நீலப்பச்சை அல்காக்களின் ஒளித்தொகுப்பு மென்சவ்வுக் கூறுகள்

நீலப்பச்சை அல்காக்களின் கலங்களில் பச்சையவுருமணி இல்லை. கிளியோபற்றர் போன்ற சில நீங்கலாக, ஏனையவற்றில் ஒளித்தொகுப்புக்கான நிறப்பொருள்களும் புரதங்களும் தைலக்கொயிட் எனப்படும் உள்மென்சவ்வுகளிலும் அவற்றின் மேற்பரப்பிலும் அமைந்துள்ளன. அவற்றைப் பிரித்தெடுத்து இயல்பறிவதே இங்கு பேசப்படும் துறை. இவை பற்றீரியாக்களே எனினும், மாரி மழைக்குப்பின் வயல்களிலும் கிணற்றுக்கட்டுகளிலும் வழுக்குவதைப் பாசி என்றே சொல்லும் வழக்கையொட்டி, அல்கா என்ற பழைய பெயரே இங்கு கொள்ளப்படுகிறது.

இலங்கையின் நன்னீர் அல்காக்களை வில்லியம் வெஸ்ற்றும் அவர் மகனும் 1902இலும், பிறிச் 1907இலும் விவரித்தனர்; தமிழ்நாட்டின் டி. வி. தேசிகாச்சாரி 1959இல் ‘சயனோபைற்றா’ என்னும் பெருநூலைத் தந்தார். கலத்தின் வடிவத்தையும் இழையின் கிளைப்பையும் கொண்டு இனம் வகுத்த இந்நூல்களுக்குக் கலத்தை உடைத்துப் பார்க்கும் தேவை எழவில்லை.

உடைத்தால் முதலில் வெளிப்படுவது நீலம். பாசியை உறையவைத்து உருகவிட்டால், நீரில் கரையும் பைக்கோசயனின் கசிந்து, வெளிச்சத்துக்கு எதிரே நீலமாகவும் பக்கவாட்டில் செம்மையாகவும் தோன்றும். இச்செம்மை அதன் புளோரொளிர்வாகும். ஏறத்தாழ 620 நனோமீற்றரில் அது ஒளியை மிகுதியாக உறிஞ்சும். எஞ்சும் பச்சைப் படிவிலிருந்து குளோரோபில்லை மெதனோல் கரைத்தெடுக்கும். அதன் உறிஞ்சல் 665 நனோமீற்றரையொட்டி அளக்கப்படும். கலத்தினுள் பைக்கோசயனின் தனித்து மிதப்பதன்று. பைக்கோபிலிசோம் என்னும் மணிகளாய்த் தைலக்கொயிட்டின்மேல் ஒட்டியிருக்கும். கான்ற், கொன்ரி ஆகியோர் 1966இல் சிவப்பு அல்காவிலும் பின்னர் நீலப்பச்சை அல்காக்களிலும் இம்மணிகளைக் காட்டினர். செறிந்த பொசுபேற்றுத் தாங்கற்கரைசலில் முழுமையாக நிற்கும் இவை, வெறும் நீரில் சிதறிவிடுவதால், கரைசலைத் தெரிவதிலேயே வேலையின் பாதி முடிந்துவிடுகிறது.

மென்சவ்வுகளைப் பிரித்தல் இதனிலும் கடினம். ஒமாத்தாவும் முறாத்தாவும் 1983இல் அனாசிஸ்ரிஸ் நிடுலன்ஸ் என்னும் நீலப்பச்சை அல்காவின் கலச்சுவரை இலைசோசைம் நொதியத்தால் தளர்த்தி, உயரமுக்கத்தில் சிறுதுளை வழியே செலுத்தி உடைத்து, அடிமுதல் மேல்வரை செறிவு குறையும் சுக்குரோசுக் கரைசலில் மையநீக்கம் செய்தனர். கலத்தைச் சூழும் அடர்த்தி குறைந்த முதலுருமென்சவ்வு மேலே மஞ்சளாகவும், தைலக்கொயிட் கீழே பச்சையாகவும் படைகளாய்ப் பிரிந்தன. மஞ்சளுக்குக் கரட்டினொயிட்டு காரணம். குளோரோபில் பச்சைப் படைக்கே உரியது. ஆகவே இரண்டும் வெவ்வேறு மென்சவ்வுகள் என்பது உறுதியாயிற்று.

பின்னர், சவர்க்காரம்போன்ற மென்மையான துப்புரவாக்கிகளால் தைலக்கொயிட்டின் புரதத்தொகுதிகளும் பிரிக்கப்பட்டன. அவற்றுள் முதலாம் ஒளித்தொகுதியின் 12 புரதங்களும் 96 குளோரோபில்களும் 2001இலும், இரண்டாம் ஒளித்தொகுதி 1.9 அங்ஸ்ற்றம் நுணுக்கத்தில் 2011இலும் பளிங்கு வடிவில் அறியப்பட்டன.