முரசு நோயும் குருதிக்குழாய் அழற்சியும்: தேனீ தரும் பொருட்கள் எவ்வளவு தூரம் உதவும்?

பல் துலக்கும்போது இரத்தம் கசிவதை நம்மில் பலர் ஒரு நோயாகவே கருதுவதில்லை. வலி தோன்றும்வரை வைத்தியரை நாடுவதுமில்லை. ஆயினும் முரசில் தொடங்கும் அழற்சி வாயோடு நின்றுவிடுவதில்லை என்பதை மருத்துவ ஆய்வுகள் தொடர்ந்து எடுத்துக்காட்டி வருகின்றன.

பல்லின் அடியில் படியும் அழுக்குப் படலத்தில் பெருகும் பக்டீரியாக்கள், முரசுக்கும் பல்லுக்கும் இடையே பைகள் போன்ற இடைவெளிகளை உண்டாக்குகின்றன. அவற்றின் புண்பட்ட சுவரினூடாகக் கிருமிகளும் அழற்சியைத் தூண்டும் பதார்த்தங்களும் குருதியில் கலந்து, குருதிக்குழாயின் உட்படலத்தைப் பாதிக்கின்றன. குழாயின் விரிவடையும் ஆற்றல் குன்றுகிறது. முரசு நோயே மாரடைப்பைத் தோற்றுவிக்கிறது என்பது இன்னும் நிறுவப்படவில்லை. இரண்டிற்கும் தொடர்பு உண்டு என்ற அளவிலேயே அமெரிக்க இருதய சங்கம் 2012ஆம் ஆண்டில் தனது அறிக்கையை வெளியிட்டது.

இந்நோயின் இயல்பை உலகம் அறிந்துகொண்டதில் எமது மலையகத் தொழிலாளருக்கும் பங்குண்டு. பற்சிகிச்சை எதனையும் பெற்றிராத 480 தேயிலைத் தோட்டத் தொழிலாளரை 1970 முதல் அவதானித்த ஆய்வாளர்கள், 1986இல் தமது முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 8 சதவீதத்தினரில் நோய் விரைவாகவும், 81 சதவீதத்தினரில் மிதமாகவும் முற்றியது. 11 சதவீதத்தினரில் மாத்திரமே அது முற்றவில்லை.

பற்சிகிச்சை எளிதில் எட்டாத இடங்களில் இயற்கை மருந்துகள் மீது நம்பிக்கை வளர்வது இயல்பே. அவற்றுள் தேனுக்குத் தனியிடம் உண்டு. சித்த மருத்துவம் அதனை அனுபானமாகக் கொள்கிறது. திருக்குர்ஆனின் 16ஆவது அத்தியாயமோ தேனீயின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இன்று ஆய்வாளரின் கவனத்தைப் பெரிதும் ஈர்ப்பது, மரங்களின் பிசினைச் சேகரித்துத் தேனீக்கள் தமது கூட்டின் இடுக்குகளை அடைக்கும் புரொபோலிஸ் என்னும் பொருளாகும். அதிலுள்ள ஒரு சேர்மம், அழற்சியைத் தூண்டும் உயிரணுச் சமிக்ஞையைத் தடுப்பதாக 1996இல் ஆய்வுகூடத்தில் கண்டறியப்பட்டது. நீரிழிவும் முரசு நோயும் உள்ள 50 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், ஆறு மாதங்கள் புரொபோலிஸ் உட்கொண்டோரின் முரசு நிலையும் குருதிச் சர்க்கரையும் மற்றவர்களைவிடச் சீரடைந்தன. ஆனால் அவர்கள் அனைவருக்கும் முதலில் பற்காறை நீக்கப்பட்டிருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. மேலும், பிசின் தரும் மரம் மாறும்போது புரொபோலிஸின் சேர்க்கையும் மாறுவதால், ஒரு நாட்டின் சரக்கில் கண்ட பயனை மற்றொரு நாட்டின் சரக்கில் எதிர்பார்க்க முடியாது.

குருதிக்குழாய்க்கு நன்மை தருவது எது என்பதற்கு வலுவான சான்று வேறிடத்தில் உள்ளது. கடும் முரசு நோயுள்ள 120 பேரை உள்ளடக்கி 2007இல் வெளியான ஆய்வில், தீவிர பற்சிகிச்சை பெற்றோரின் குருதிக்குழாய்ச் செயற்பாடு ஆறு மாதங்களில் மேம்பட்டிருந்தது.

எனவே தேனீயின் கொடைகளைத் துணையாகக் கொள்வதில் தவறில்லை. சிகிச்சைக்கு மாற்றாகக் கொள்வதே ஆபத்து. தேனின் பெரும்பகுதி சர்க்கரை என்பதால் நீரிழிவு நோயாளர் எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தேன் கொடுத்தல் ஆகாது. புரொபோலிஸ் சிலருக்கு ஒவ்வாமையை ஏற்படுத்தும். முரசில் இரத்தம் கண்டவர்கள் முதலில் நாட வேண்டிய இடம் பற்சிகிச்சை நிலையமே. அரச வைத்தியசாலைகளில் அச்சேவை இலவசமாகக் கிடைக்கிறது. அதனைத் தோட்டப்புறங்களுக்கும் பின்தங்கிய கிராமங்களுக்கும் எட்டச்செய்வது உரியோரின் கடமையாகும்.