திருச்சபை நலன் அளவீடு

திருச்சபை நலன் அளவீடு என்பது ஒரு கிறித்தவச் சபை எந்த அளவுக்கு நலமாக உள்ளது, தன் நோக்கங்களை எவ்வளவு நிறைவேற்றுகின்றது என்பவற்றைக் கணக்கெடுப்பு, வினாத்தாள் முதலியவற்றின் மூலம் மதிப்பிடுவதாகும். தொடக்கத்தில் வழிபாட்டுக்கு வருவோரின் எண்ணிக்கையே முதன்மை அளவாகக் கொள்ளப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சபையின் தன்மையை அளக்கும் முறைகளும் உருவாயின.

வருகைக் கணக்கெடுப்பு

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1851 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமையன்று வழிபாட்டு வருகை கணக்கெடுக்கப்பட்டது. காலை, பிற்பகல், மாலை வழிபாடுகளைச் சேர்த்து சுமார் 1 கோடியே 9 இலட்சம் வருகைகள் பதிவாயின. ஒருவர் இருமுறை வந்திருந்தால் இருமுறை எண்ணப்பட்டார். எனவே அறிக்கையைத் தயாரித்த ஹொராஸ் மான், பிற்பகல் வந்தோரில் பாதிப் பேரும் மாலை வந்தோரில் மூன்றில் ஒரு பங்கினரும் மட்டுமே புதியவர்கள் எனக் கொண்டு, வந்தவர்கள் சுமார் 72 இலட்சம் பேர் என மதிப்பிட்டார்.

வளர்ச்சி வீதம்

இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள தமோவில் பிறந்த அமெரிக்க மறைபரப்பாளர் டொனால்ட் மெக்காவ்ரன் (1897–1990), சில சபைகள் வளர்வதற்கும் சில தேங்குவதற்கும் உரிய காரணங்களை ஆராய்ந்தார். 1955இல் வெளியான இவரது நூல் திருச்சபை வளர்ச்சி இயக்கத்துக்கு அடிப்படையாக அமைந்தது. வளர்ச்சி மூன்று வகைப்படும் என்பது இவ்வியக்கத்தின் கருத்து:

* பிறப்பு வழி வளர்ச்சி: உறுப்பினர்களின் பிள்ளைகள் சேர்தல்
* இடமாற்ற வளர்ச்சி: பிற சபைகளிலிருந்து வந்து சேர்தல்
* மனமாற்ற வளர்ச்சி: புதிதாக நம்பிக்கை கொண்டோர் சேர்தல்

எடுத்துக்காட்டாக, 200 பேர் கொண்ட சபை பத்து ஆண்டுகளில் 300 பேராக உயர்ந்தால் வளர்ச்சி 50% ஆகும். புதிய 100 பேரில் 30 பேர் பிள்ளைகள், 60 பேர் பிற சபையினர் எனில், மனமாற்ற வளர்ச்சி 5% மட்டுமே.

தன்மை அளவீடு

ஜெர்மானியரான கிறிஸ்டியான் ஷ்வார்ஸ் 1990களில் 32 நாடுகளில் 1000 சபைகளை ஆராய்ந்து எட்டுப் பண்புகளை முன்வைத்தார். அவை: பிறரை வல்லமைப்படுத்தும் தலைமை, வரங்களுக்கேற்ற ஊழியம், ஆர்வமுள்ள ஆவிக்குரிய வாழ்வு, பயன்தரும் அமைப்புமுறை, ஊக்கமளிக்கும் வழிபாடு, முழுமையான சிறு குழுக்கள், தேவையறிந்த நற்செய்திப்பணி, அன்பான உறவுகள்.

போதகரும் சுமார் 30 உறுப்பினர்களும் வினாத்தாளை நிரப்புவர். ஒவ்வொரு பண்புக்கும் மதிப்பெண் கணிக்கப்படும். சராசரிச் சபையின் மதிப்பு 50 ஆகும். உயரம் குறைந்த பலகை உள்ள பீப்பாயில் அப்பலகையின் மட்டத்துக்கு மேல் நீர் நில்லாது. அதுபோலக் குறைந்த மதிப்பெண் பெற்ற பண்பே வளர்ச்சியைத் தடுக்கும் என்பதால், அதையே முதலில் சீர்செய்ய வேண்டும் என்கிறது இம்முறை.

விமர்சனங்கள்

இந்தியாவில் மக்கள் சாதிக் குழுக்களாகக் கிறித்தவத்தைத் தழுவியதைக் கண்ட மெக்காவ்ரன், இன, மொழி, வகுப்பு எல்லைகளைக் கடக்காமலேயே மக்கள் கிறித்தவராக விரும்புகின்றனர் என்றார். எண்ணிக்கை உயர்ந்தாலும், இக்கருத்து சபைக்குள் பிரிவினையை நிலைபெறச் செய்யும் என எதிர்ப்பு எழுந்தது. 1977இல் அமெரிக்காவின் பசடேனாவில் கூடிய மாநாடு இதை விவாதித்தது.

ஷ்வார்சின் வினாத்தாள் சபையில் இருப்போரையே கேட்கிறது. விலகிச் சென்றோரின் கருத்து இதில் இடம்பெறுவதில்லை. மேலும், நலமான பண்புகளால் வளர்ச்சி ஏற்படுகிறதா, வளர்ச்சியால் பண்புகள் மேம்படுகின்றனவா என்பதை ஒரு வினாத்தாளால் மட்டும் பிரித்தறிய இயலாது.

சிகாகோவுக்கு அருகிலுள்ள வில்லோ கிரீக் பெருஞ்சபை தன் உறுப்பினர்களிடம் நடத்திய ஆய்வை 2007இல் வெளியிட்டது. சபை நிகழ்ச்சிகளில் மிகுதியாகப் பங்கேற்பது மட்டுமே கடவுள் மீதும் பிறர் மீதும் உள்ள அன்பை வளர்க்கவில்லை என்று அவ்வாய்வு காட்டியது.