ஈமு கோழிப் பண்ணை முதலீட்டு மோசடி

ஈமு கோழிப் பண்ணை முதலீட்டு மோசடி என்பது தமிழ்நாட்டின் கொங்கு மண்டலத்தில் ஈமு பறவை வளர்ப்பின் பெயரில் பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெற்ற நிறுவனங்கள் 2012 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் முதல் அடுத்தடுத்து முடங்கிய நிகழ்வைக் குறிக்கும். ஈரோடு மாவட்டம் பெருந்துறையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சுசி ஈமு ஃபார்ம்சு நிறுவனம் இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. ஈரோடு, கோயம்புத்தூர், திருப்பூர், நாமக்கல், சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த உழவர்களும் சிறு முதலீட்டாளர்களும் இதில் பாதிக்கப்பட்டனர். வைப்பாளர் உரிமை, நுகர்வோர் உரிமை, கடன் பொறுப்பு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதை இந்நிகழ்வு எடுத்துக்காட்டுகிறது.

பின்னணி

ஈமு ஆத்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பறக்க இயலாத பறவை ஆகும். உயரத்தில் தீக்கோழிக்கு அடுத்த இடத்தைப் பெறுகிறது. இந்தியாவில் இதன் வணிக முறை வளர்ப்பு 1990களில் தொடங்கியது. இதன் இறைச்சி, கொழுப்பிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய், தோல், இறகு ஆகியவற்றுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று கூறப்பட்டது.

கொங்கு மண்டலம் கோழி வளர்ப்பில் நீண்ட அனுபவம் உடையது. நாமக்கல் முட்டைக்கும், பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகள் கறிக்கோழிக்கும் பெயர் பெற்றவை. கறிக்கோழி ஒப்பந்தப் பண்ணை முறையில் நிறுவனம் குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றை வழங்கும். உழவர் கொட்டகையும் உழைப்பும் தந்து வளர்ப்புக் கூலி பெறுவார். பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ள இம்முறையின் மீது மக்களுக்கு இருந்த நம்பிக்கையே ஈமு திட்டங்கள் விரைவாகப் பரவ முதன்மைக் காரணம் எனலாம்.

திட்டத்தின் தன்மை

பரவலாக விளம்பரப்படுத்தப்பட்ட திட்டம் ஒன்றின் கூறுகள் பின்வருமாறு:

* முதலீட்டாளர் 1,50,000 ரூபாய் வைப்புத்தொகை செலுத்த வேண்டும்.
* நிறுவனம் 6 ஈமு குஞ்சுகளையும் தீவனத்தையும் கொட்டகை அமைப்பையும் வழங்கும்.
* பராமரிப்புத் தொகையாக மாதந்தோறும் 6,000 ரூபாயும், ஆண்டுதோறும் ஊக்கத்தொகையாக 20,000 ரூபாயும் வழங்கப்படும்.
* இரண்டு ஆண்டுகள் முடிந்ததும் பறவைகளைப் பெற்றுக்கொண்டு வைப்புத்தொகை திருப்பித் தரப்படும்.

இடவசதி இல்லாதவர்களுக்காகப் பறவைகளை நிறுவனமே வளர்த்து மாதத் தொகை மட்டும் வழங்கும் திட்டமும் இருந்தது. திரைப்பட நடிகர்கள் தோன்றிய தொலைக்காட்சி விளம்பரங்களும் இத்திட்டங்களுக்கு நம்பகத்தன்மை அளித்தன.

பொருளியல் குறைபாடு

மேற்கண்ட வாக்குறுதியின்படி இரண்டு ஆண்டுகளில் முதலீட்டாளருக்குக் கிடைக்கும் தொகை: மாதத் தொகை 1,44,000 ரூபாய், ஊக்கத்தொகை 40,000 ரூபாய், ஆக மொத்தம் 1,84,000 ரூபாய். இது செலுத்திய தொகையைத் தவிர்த்த வருவாய் ஆகும். அதாவது ஆண்டுக்கு 61 விழுக்காட்டிற்கும் மேல். அக்காலத்தில் வங்கி நிரந்தர வைப்புக்குக் கிடைத்த வட்டியைவிட இது பல மடங்கு அதிகம்.

இத்தொகையை ஈடுகட்ட ஒவ்வொரு பறவையும் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 30,700 ரூபாய் ஈட்டித் தர வேண்டும். தீவனம், கொட்டகை, பணியாளர், விளம்பரம் ஆகியவற்றின் செலவு இதில் சேராது. ஈமு முட்டையிடத் தொடங்க ஏறத்தாழ 18 முதல் 24 மாதங்கள் ஆகும். ஈமு இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் இந்தியாவில் நிலையான சந்தை உருவாகியிருக்கவில்லை.

கறிக்கோழித் தொழிலுடன் உள்ள வேறுபாடு இங்கு முக்கியமானது. கறிக்கோழி ஏறத்தாழ ஆறு வாரத்தில் விற்பனைக்கு வந்துவிடும்; உழவருக்கான கூலி நுகர்வோர் கறிக்குக் கொடுக்கும் பணத்திலிருந்து வருகிறது. ஈமு திட்டங்களில் பறவையை வாங்கியவர் பெரும்பாலும் மற்றொரு முதலீட்டாளரே. எனவே பழைய முதலீட்டாளர்களுக்குரிய தொகை புதியவர்களின் வைப்புத்தொகையையே நம்பியிருந்தது. 1920 ஆம் ஆண்டு பாசுடன் நகரில் சார்லசு பொன்சி நடத்திய மோசடியின் பெயரால் இத்தகைய திட்டம் பொன்சி திட்டம் எனப்படுகிறது. 1990களில் அமெரிக்காவிலும் ஈமு வளர்ப்பு இதேபோல் இனப்பெருக்கப் பறவை விற்பனையை நம்பி வளர்ந்து, பின்னர் வீழ்ச்சியுற்றது.

முடக்கமும் பறவைகளின் நிலையும்

2012 ஆம் ஆண்டு மாதத் தொகை வழங்குவது தடைபட்டதும் முதலீட்டாளர்கள் பெருந்துறையில் திரண்டு காவல் துறையிடம் புகார் அளித்தனர். ஆகத்து மாதத்தில் வழக்குப் பதிவு செய்யப்பட்டது. தொடர்ந்து பிற ஈமு நிறுவனங்கள் மீதும் புகார்கள் எழுந்தன. இவ்வழக்குகளைப் பொருளாதாரக் குற்றப்பிரிவுக் காவல் துறை விசாரித்தது.

கைவிடப்பட்ட பண்ணைகளில் தீவனமின்றிப் பறவைகள் இறந்தன. எஞ்சியவற்றுக்குத் தீவனம் அளிக்கும் பொறுப்பை அரசு கால்நடைப் பராமரிப்புத் துறை வழியாக ஏற்றது. பின்னர் நீதிமன்ற அனுமதியுடன் பறவைகள் ஏலம் விடப்பட்டன. வாங்குவோர் குறைவாக இருந்ததால் முதலீட்டுக் கணக்கில் காட்டப்பட்ட மதிப்பிற்கும் ஏல விலைக்கும் பெரும் இடைவெளி இருந்தது.

சட்ட நடவடிக்கைகள்

இவ்வழக்குகளில் முதன்மையாகப் பயன்பட்டது தமிழ்நாடு வைப்பீட்டாளர்கள் நலப் பாதுகாப்புச் சட்டம், 1997 ஆகும். 1990களில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் பல வீழ்ந்ததன் விளைவாக இது இயற்றப்பட்டது. இதன் முதன்மைக் கூறுகள்:

* வைப்புத்தொகையைத் திருப்பித் தராத நிதி நிறுவனத்தை நடத்துவோருக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.
* நிறுவனத்தின் சொத்துகளை அரசு பற்றுகை செய்து, நீதிமன்ற ஆணைப்படி விற்று, வைப்பாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம்.
* விசாரணைக்குத் தனிச் சிறப்பு நீதிமன்றங்கள் உண்டு. கொங்கு மண்டல வழக்குகளைக் கோயம்புத்தூரில் உள்ள சிறப்பு நீதிமன்றம் விசாரிக்கிறது.

இச்சட்டம் செல்லும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் கே. கே. பாசுகரன் வழக்கில் 2011 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தீர்ப்பளித்தது. கோயம்புத்தூர் சிறப்பு நீதிமன்றம் பிற்காலத்தில் பல ஈமு வழக்குகளில் சிறைத்தண்டனை விதித்துள்ளது. திருப்பூரைச் சேர்ந்த பாசி அந்நியச் செலாவணி நிறுவன மோசடி வழக்கிலும் இந்நீதிமன்றமே 2022 ஆம் ஆண்டு இருவருக்குத் தலா 27 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதித்தது. எனினும் தண்டனை கிடைப்பதும் பணம் திரும்பக் கிடைப்பதும் வெவ்வேறானவை. பற்றுகை செய்யப்பட்ட சொத்தின் மதிப்பு அளவுக்கே பணம் மீளும்.

2019 ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றம் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. இதன்படி நிறுவனம் முடங்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அத்தகைய திட்டத்தை நடத்துவதும் அதில் சேரத் தூண்டுவதுமே குற்றமாகும்.

நுகர்வோர் என்ற நிலை

வணிக நோக்கத்துடன் பொருள் வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது பொது விதி. ஆனால் தம் உழைப்பால் வாழ்வாதாரம் ஈட்டுவதற்காக மட்டும் வாங்குபவருக்கு விலக்கு உண்டு. விளைச்சலைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தத்தின் கீழ் விதை பெற்ற உழவர்களும் நுகர்வோரே என்று தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 ஆம் ஆண்டு சனவரி மாதம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தப் பண்ணையாளர்களுக்கு இத்தீர்ப்பு முக்கியமானது.

1986 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாற்றாக 2019 ஆம் ஆண்டுச் சட்டம் 2020 சூலை மாதம் நடைமுறைக்கு வந்தது. இதன்படி:

* புகாரை நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே அளிக்கலாம்.
* செலுத்திய தொகை 50 இலட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகளை மாவட்ட ஆணையம் விசாரிக்கும்.
* செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய் வரை எனில் புகார்க் கட்டணம் இல்லை.
* வழக்கிற்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும்.
* தவறான விளம்பரத்தில் தோன்றுவோருக்கும் 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம்.

கடன் பொறுப்பு

கடன் வாங்கி முதலீடு செய்தவர்களின் இழப்பு இரு மடங்கானது. நிறுவனம் முடங்கினாலும் கடன் ஒப்பந்தம் முடிவடைவதில்லை. நிலத்தின் மீதோ நகையின் மீதோ பெற்ற கடனுக்கு வட்டி தொடர்ந்து சேரும். 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாதவிடத்து, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. உறவினருக்காகக் கையெழுத்திட்டவரிடமும் வங்கி நேரடியாகப் பணம் கோரலாம்.

தவணை தவறினால் அது கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் இடம்பெறும். இந்நிறுவனங்களைக் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005 நெறிப்படுத்துகிறது. இந்தியாவில் சிபில், எக்சுபீரியன், ஈக்குவிஃபேக்சு, கிரிஃப் ஐமார்க்கு ஆகிய நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன. சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை அமையும். ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம். பிழை இருப்பின் திருத்தக் கோரலாம். 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிடின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெற 2024 ஆம் ஆண்டு முதல் வழி செய்யப்பட்டுள்ளது.

கடனை அடைக்கப் பொருள் சிக்கலுக்கு உள்ளானவர் தவணை தவறும் முன்பே வங்கியை எழுத்து மூலம் அணுகித் தவணை மாற்றம் கோருவது கடன் பதிவைக் காக்க உதவும். முழுத் தொகையையும் செலுத்தாமல் சமரசமாக முடிக்கப்படும் கடன், முழுமையாக அடைக்கப்பட்ட கடனிலிருந்து வேறுபடுத்தியே பதிவு செய்யப்படும்.

முதலீட்டிற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

* வைப்புத்தொகை பெற எந்த ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி உள்ளது என்பது. நிறுவனப் பதிவுச் சான்றிதழ் மட்டும் வைப்புத்தொகை பெறும் அனுமதி ஆகாது.
* வருவாய் எந்தப் பொருளை யாருக்கு விற்பதால் வருகிறது என்பது.
* ஒப்பந்தம், பற்றுச்சீட்டு ஆகியவற்றின் மூலப் படிகள். புகார் அளிக்கும்போது இவையே சான்றாக அமையும்.

இந்திய ரிசர்வ் வங்கி 2016 ஆம் ஆண்டு தொடங்கிய சாசெத் இணையத்தளத்தில் நிறுவனங்களின் அனுமதி விவரத்தைத் தேடவும், புகார் பதிவு செய்யவும் இயலும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 ஆகும்.

இவற்றையும் பார்க்க

* பொன்சி திட்டம்
* ஒப்பந்தப் பண்ணையம்
* நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019
* கந்து வட்டி
* கொங்கு நாடு